மொட்டை மாடி ஒழுகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பெருமழைக்கு மறுநாள் காலையில் வரும் அழைப்புகளில் குரல்தான் மாறும், கேள்வி மாறாது. அவற்றை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு சிலராவது படிப்பார்கள் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். இங்கே பேசுவது கான்கிரீட் தளம் போட்ட தட்டையான கூரையைப் பற்றி மட்டும். ஓட்டுக் கூரை, தகரக் கூரைக்கு இதில் பெரும்பாலானவை பொருந்தாது.

1. சீலிங்ல ஈரமா ஒரு வட்டம் தெரியுது. மாடி ஒழுகுதுன்னு அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். மழைத் தண்ணீர், சுவருக்குள் போகும் குழாய், மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிவது என நான்கில் எது வேண்டுமானாலும் அந்த வட்டத்தைப் போடலாம். எது என்பதை நேரம் காட்டிக்கொடுக்கும். மழை பெய்து சில மணி நேரத்தில் வட்டம் பெரிதானால் மாடி. மழையே இல்லாத வாரங்களிலும் ஒரே அளவில் ஈரமாக இருந்தால் குழாய் அல்லது தொட்டி. குளிரான விடியற்காலையில் மட்டும் வந்து மதியம் மறைந்தால் அறைக்காற்று.

வட்டத்தின் ஓரத்தை பென்சிலால் வரைந்து பக்கத்தில் தேதி போடுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்ப வரையுங்கள். இந்தக் கோடுகள் கடைசிக் கேள்வி வரைக்கும் உதவும்.

அறைக்காற்றா, தளத்தின் ஈரமா என்று தெரியவில்லையென்றால், 45 செ.மீ. சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வட்டத்தின் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் தளத்துக்கும் இடையில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் கான்கிரீட்டில் இருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம்தான் தேவை, மாடிக்கு வேலை இல்லை.

2. ஹால்ல ஃபேன் பக்கத்துல சொட்டுது. அதுக்கு நேர் மேல போய்ப் பார்த்தா ஒரு கீறல்கூட இல்லையே?

முதலில் அந்த ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தை மெயின் பெட்டியில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மாடி ஒரே கல்லாக இருப்பதில்லை. அடியில் கம்பி கட்டிப் போட்ட தளம், அதன் மேல் வாட்டத்துக்காக, அதாவது தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடும் சரிவுக்காகப் போட்ட கலவை, சில வீடுகளில் அதற்கும் மேல் டைல்ஸ். மேல் அடுக்கில் ஓர் இடத்தில் புகுந்த தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே ஓடி, அடியில் உள்ள கான்கிரீட் தளத்தில் எங்கே துளை கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஃபேன் கொக்கிப் பெட்டியும், தளத்துக்குள் புதைத்த மின்குழாயும் அதற்குத் தயாராக இருக்கும் வழிகள். அதனால்தான் சொட்டுகிற இடத்துக்கும் புகுந்த இடத்துக்கும் பல அடி தூரம் இருக்கும். சொட்டும் இடத்தை வெளிச்சுவரிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து மாடியில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வாட்டத்தின் மேட்டுப் பக்கமாகத் தேடுங்கள். பள்ளத்துப் பக்கம் தேடுவதில் பயன் குறைவு.

3. அப்போ எங்கேதான் தேடறது? மாடி முழுக்கவா?

நான் பார்க்கும் வரிசை இது: மழைநீர் வடிகுழாயின் வாய், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் ஓரம், தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் குழாய்கள், தொட்டி நிற்கும் மேடையின் அடி, படிக்கட்டு அறைச் சுவரின் அடி, கைப்பிடிச் சுவரின் தலை. நடுத்தளம் கடைசியில்தான். பொதுவாக எல்லாரும் நடுத்தளத்தில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு பொருள் இன்னொரு பொருளோடு சேரும் இடத்தில்தான் பிளவு விழும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வரிசை தானாக வந்துவிடும்.

பார்ப்பதற்கு நல்ல நேரம் இரண்டு உண்டு. மழை பெய்யும்போதே குடையோடு ஏறினால் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நேரிலேயே தெரியும். மழை நின்று தளம் காய்ந்துகொண்டிருக்கும் அரை மணி நேரம் இன்னும் நல்லது. சுற்றிலும் வெளுத்துவிட்ட பிறகும் விரிசல் மட்டும் கருப்புக் கோடாக ஈரத்தோடு நிற்கும். நல்ல வெயிலில் கண்ணில் படாத மயிரிழைக் கீறல்கூட அப்போது தெரிந்துவிடும். சாக்பீஸோடு போங்கள். தேங்கிய குட்டைகளைச் சுற்றியும் கோடு போட்டுவிடுங்கள், ஐந்தாவது கேள்விக்கு அது வேண்டும்.

4. தண்ணி கட்டி வச்சுப் பார்க்கலாமா? எத்தனை நாள் நிறுத்தணும்?

பார்க்கலாம், இதைவிட நம்பகமான சோதனை வீட்டு அளவில் கிடையாது. மாடி முழுக்க ஒரே தடவையில் நிரப்பாமல் கலவையால் வரப்பு வைத்து பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேட்டிலும் 25 மி.மீ. நிற்கும்படி நிரப்பி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டு, கீழே பென்சில் கோட்டைப் பாருங்கள். தண்ணீரில் ஏதாவது கரையும் சாயம் கலந்தால், சொட்டுவது அந்தப் பாத்தித் தண்ணீர்தானா என்பதும் தெரிந்துவிடும்.

எடையை மறக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் 25 மி.மீ. தண்ணீர் 25 கிலோ. வாட்டத்தின் பள்ளத்தில் ஆழம் கூடும், எடையும் கூடும். காரை உதிர்ந்து கம்பி தெரிகிற தளத்திலும், நடுவே தொய்ந்த தளத்திலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே முதலில் வர வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர்.

இரண்டு நாள் தண்ணீர் நின்றும் சொட்டவில்லை, ஆனால் மழைக்கு மட்டும் சொட்டுகிறது என்றால் தளத்தை விட்டுவிட்டு சுவரைப் பாருங்கள். ஹோஸ் பைப்பால் சுவரின் அடியில் தொடங்கி, ஓரிடத்துக்கு கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டு, மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது காரணம் என்று பிரிக்க முடியாது.

5. மழை நின்னு ரெண்டு நாள் ஆகியும் ஒரு மூலையில குட்டை நிக்குது. அதுக்கு மேல நல்ல கோட்டிங் அடிச்சா போதாதா?

போதாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தண்ணீர் வெளியேறாத மாடியில் எந்தப் பூச்சும் தன் ஆயுளை முடிக்காது. நாள் கணக்கில் தலையில் தண்ணீர் நின்றால், ஊசி முனை அளவு குறை இருந்தாலும் அதற்குள் இறங்க அவகாசம் கிடைக்கிறது. அதே குறை நல்ல வாட்டம் உள்ள தளத்தில் பல ஆண்டுகள் தொல்லை தராமல் கிடக்கும்.

மீட்டருக்கு 10 மி.மீ. இறக்கம் என்பது குறைந்தபட்சம். வடிகுழாயிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கும் மூலை, குழாய் வாயைவிட 60 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வியில் சாக்பீஸால் போட்ட வட்டங்கள் சிறியவையாக, ஆழம் குறைவாக இருந்தால் பாலிமர் கலந்த கலவையால் அந்தப் பள்ளங்களை மட்டும் நிரவினால் போதும். பாதி மாடி குட்டையாக இருந்தால் பழைய வாட்டக் கலவையைப் பெயர்த்து மறுபடி போடுவதே சரி.

பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடச் சொல்வார்கள். 50 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் புதுப் பாரம் ஏறும், அதுவும் நிரந்தரமாக. ஏற்கெனவே ஒரு முறை அப்படிப் போட்ட மாடியாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

6. வடிகுழாய் வாய்ல சல்லடையெல்லாம் போட்டிருக்கேன். அப்படியும் அதுக்குக் கீழதான் சுவர் ஊறுது. ஏன்?

சல்லடை குப்பையைத் தடுக்கும், கசிவைத் தடுக்காது. பிளாஸ்டிக் குழாயோடு சிமென்ட் கலவை நன்றாக ஒட்டாது. குழாய் வெயிலில் நீள்வதும் கான்கிரீட் நீள்வதும் ஒரே அளவில் இல்லை. அதனால் குழாயைச் சுற்றி மெல்லிய வளையமாக இடைவெளி விழுகிறது, மாடித் தண்ணீர் முழுவதும் அதைக் கடந்துதான் போகிறது. குழாயைச் சுற்றிக் கொத்தி எடுத்து, சுருங்காத கிரவுட் (இடைவெளியை அடைக்கும் இளக்கமான கலவை) நிரப்பி, மேலே வளையம் போல பள்ளம் விட்டு அதில் பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) வைத்து, தளத்தின் பூச்சைக் குழாய்க்கு உள்ளேயும் இறக்கி அடிக்க வேண்டும். வாயைச் சுற்றி தளம் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும்.

தட்டையான சல்லடையை ஓர் இலை மூடிவிடும், குமிழ் வடிவச் சல்லடை வாங்குங்கள். ஒரே ஒரு வடிகுழாய் மட்டும் இருந்தால், அது அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வெளியேற கைப்பிடிச் சுவரில் தளத்துக்குச் சற்று மேலே ஒரு துவாரம் விடுங்கள்.

7. விரிசல் எல்லாத்துலயும் சிமென்ட் பால் ஊத்தி அடைச்சேன். அடுத்த மழைக்கே அதே இடத்துல வெடிச்சிருக்கு. கலவை சரியில்லையா?

கலவையைக் குறை சொல்ல முடியாது. அந்த விரிசல் அசைகிறது. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு சுமார் 0.01 மி.மீ. நீளும். 10 மீட்டர் தளத்தில் 30 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் மொத்தம் 3 மி.மீ. தினமும் இப்படித் திறந்து மூடுகிற இடத்தில் சிமென்ட் நிற்காது.

அசைகிறதா என்று பார்க்க, விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு கீறி, இடைவெளியை விடியற்காலையிலும் பிற்பகலிலும் அளந்து எழுதுங்கள். விரிசலின் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி வைத்தாலும் போதும், அசைந்தால் அது வெடிக்கும். அசையும் விரிசலை கட்டிங் மெஷினால் 10 மி.மீ. அளவுக்கு அகலப்படுத்தி, தூசியை ஊதி எடுத்து, அடியில் நுரைக் கயிறு வைத்து, அதன் மேல் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்ப வேண்டும். சீலன்டின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். நுரைக் கயிறை வீண் செலவு என்று விட்டுவிடுவார்கள். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் பிடித்திருந்தால்தான் ரப்பர் போல இழுபடும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். அதற்காகத்தான் அந்தக் கயிறு. அசையாத மயிரிழைக் கீறலுக்கு இத்தனை வேலை வேண்டாம், பூச்சு அடிக்கும்போது அதன் மேல் ஃபைபர் மெஷ் (நார் வலை) துண்டு வைத்தால் போதும்.

8. தளம் முழுக்க கோட்டிங் அடிச்சாச்சு. ஆனா சுவர் ஓரமா மட்டும் இன்னும் இறங்குது.

பூச்சு சுவரில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் நாலு விரல்கடைகூட இருக்காது. தளத்திலிருந்து குறைந்தது 150 மி.மீ. ஏற வேண்டும். சுவரும் தளமும் சேரும் செங்குத்தான மூலையில் பூச்சை நேராக மடக்கி அடித்தால் அந்த மடிப்பில்தான் முதலில் கிழியும். ஆகவே மூலையில் 50 மி.மீ. அளவுக்குக் கலவையைச் சாய்வாக வைத்து, மெஷ் பதித்து, அதன் மேல் அடிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால் கைப்பிடிச் சுவரின் தலையைப் பாருங்கள். அங்கே சிமென்ட் பூச்சு வெடித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, உங்கள் கோட்டிங்குக்கு அடியில் போய்விடும். சுவர்த்தலைக்கும் கோட்டிங் வேண்டும், வாட்டம் மாடிப் பக்கமாக இருக்க வேண்டும்.

9. அக்ரிலிக், பி.யூ., தார் ஷீட், சிமென்ட் கலந்தது... கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுதான் நல்லது?

மாடியைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்கிறேன். வாட்டம் நன்றாக இருந்து, நடமாட்டம் குறைவாக இருந்தால் அக்ரிலிக் போதும். வெயிலைத் தாங்கும், அடிப்பது சுலபம், வெள்ளை நிறத்தில் அடித்தால் தளத்தின் சூடு குறைந்து ஏழாவது கேள்வியில் சொன்ன அசைவும் குறையும். ஆனால் தண்ணீர் தேங்கினால் நாளடைவில் இளகி உரிந்துவிடும்.

பி.யூ. என்கிற பாலியூரித்தேன் நன்றாக இழுபடும், தேங்கும் தண்ணீரை அக்ரிலிக்கைவிட நன்றாகத் தாங்கும், இணைப்பே இல்லாமல் ஒரே தோலாக நிற்கும். விலை கூடுதல், தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இதில் வெயிலைத் தாங்கும் வகையும், வெயிலில் மஞ்சளாகிப் பொடியும் வகையும் உண்டு. இரண்டாவது வகை என்றால் மேலே தனியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டே ஆக வேண்டும். சிமென்டும் பாலிமரும் கலந்த இரட்டைக் கலவை லேசான ஈரத்திலும் பிடிக்கும். டைல்ஸ் பதிக்கப் போகிற தளத்துக்கு அடியில் போட நான் இதைத்தான் சொல்வேன். திறந்த வெயிலில் விடுவதற்கு அது ஏற்றதல்ல.

தார் ஷீட் 3 அல்லது 4 மி.மீ. கனம் இருக்கும், கனத்தில் குறை வைக்க முடியாது என்பது அதன் பெரிய பலம். பலவீனம் இணைப்புகள். ஒன்றின் மேல் ஒன்று 100 மி.மீ. ஏறி, நெருப்பில் நன்றாக உருகி ஒட்டியிருக்க வேண்டும். ஓரிடத்தில் பிரிந்தாலும் தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் மாடி முழுக்கப் பரவும், எங்கே புகுந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. குழாய்களும் தூண்களும் நிறைய உள்ள சின்ன மாடிக்கு இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

10. டப்பாவுல ரெண்டு கோட்னு போட்டிருக்கு. ஒரே கோட்டா கனமா அடிச்சா என்ன?

மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் நிற்கும், பிறகு கொப்பளிக்கும் அல்லது வெடிக்கும். இரண்டு கோட், இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக.

கனத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 1 மி.மீ. அந்தப் பொருளில் கன அளவில் திடப்பொருள் 60 சதவீதம் என்றால் காய்ந்த பிறகு 0.6 மி.மீ. மிஞ்சும். 1.2 மி.மீ. கனம் வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 2 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடிக்கு 200 லிட்டர். அதற்கு 60 லிட்டரில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், உங்கள் மாடியில் இருப்பது வெறும் பெயின்ட். காலி டப்பாக்களை எண்ணிப் பாருங்கள், கூச்சப்படத் தேவையில்லை.

11. மழைக்கு நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிக்குது. அதுக்குள்ள அடிச்சு முடிச்சிடலாமா?

மேற்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் தண்ணீர் விடாத தோல் போட்டால் வெயிலில் உள்ளீரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். முதல் கேள்வியில் சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையை மாடியின் மேலும் செய்யுங்கள், துளி கோத்தால் காத்திருங்கள். புதிதாகக் கலவை போட்டிருந்தால் 28 நாள் கழித்து அடிப்பது நல்லது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வடிகுழாயைச் சுத்தம் செய்யுங்கள், குட்டைகளைத் தள்ளிவிடுங்கள், சந்தேகமான இடத்தை தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பாதி ஒழுகல் இதிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

12. மாடி பூரா செலவு பண்ண முடியாது. உள்ளே இருந்தே சீலிங்ல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா?

வேண்டாம். தண்ணீர் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்னும், கீழே கறை தெரியாததால் உங்களுக்கும் தெரியாது. காசு குறைவாக இருந்தால் அதை மூன்றாவது கேள்வியின் வரிசையில் செலவு செய்யுங்கள். வடிகுழாய் வாயையும் சுவர் ஓரத்தையும் மட்டும் ஒழுங்காகச் செய்வது, மாடி முழுக்க மெல்லியதாக அடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

13. சீலிங்ல காரை பொத்துனு விழுந்து கம்பி தெரியுது. மேல கோட்டிங் அடிச்சுட்டு கீழ பூசிட்டா சரியாயிடுமா?

அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்கவோ உட்காரவோ வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைத் தள்ளி விழவைக்கிறது. துருவை எடுக்காமல் மேலே பூசினால் அதே வேகத்தில் அதுவும் விழும்.

தட்டிப் பார்த்து பொள்ளல் சத்தம் வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி விடுவித்து, துருவைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். இதற்கு முன் மேலே ஒழுகலை நிறுத்தியிருக்க வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தாலோ, பல இடங்களில் இப்படி இருந்தாலோ, பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள். முட்டுக்கொடுக்காமல் நிறைய கான்கிரீட்டை ஒரே நேரத்தில் கொத்துவதே ஆபத்து.

14. பழைய கோட்டிங் மேலேயே அடிக்கலாமா?

பழையது தளத்தை விடாமல் பிடித்திருந்தால் அடிக்கலாம். கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அழுத்தமான டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாக உரிந்து வந்தால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். தார் ஷீட் மேல் வேறு பொருள் அடிப்பதானால் இரண்டும் ஒத்துப்போகுமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துவிட்டு ஓரத்தில் ஒரு சதுர அடி அடித்துப் பாருங்கள்.

15. கோட்டிங் போட்ட மாடியில சோலார் பேனலுக்கு போல்ட் அடிக்கணும்கிறாங்க. விடலாமா?

தளத்தில் துளை போட விடாதீர்கள். தளத்துக்கு மேலே கான்கிரீட் மேடைகள் கட்டி, அவற்றின் மேல் 150 மி.மீ. வரை பூச்சை ஏற்றி, மேடையின் தலையில் போல்ட் வைக்கச் சொல்லுங்கள். துணிக்கொடிக் கம்பத்துக்கும் இதே விதி. முடிந்தால் பேனல் வேலை முதலில், கோட்டிங் பிறகு.

16. எல்லாம் செஞ்சாச்சு. இன்னும் சீலிங் ஈரமா இருக்கு. வேலை செஞ்சவர் "பழைய ஈரம் காயுது"ங்கிறார். நம்பலாமா?

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஊறிய கான்கிரீட் முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும், இப்போது மேலே வழி அடைத்துவிட்டதால் கீழ்ப்பக்கமாக மட்டும்தான் காயும். வெள்ளையாக உப்பு பூப்பதும் இந்தச் சமயத்தில் நடக்கும். முதல் கேள்வியின் பென்சில் கோடுகள் இங்கேதான் சாட்சி. மழைக்குப் பிறகும் வட்டம் கோட்டைத் தாண்டாமல் வாரா வாரம் சுருங்கினால் அவர் சொல்வது சரி. ஒரு மழைக்குக் கோட்டைத் தாண்டினாலும் அது புதுத் தண்ணீர். அதுவரை சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் சாட்சி அழிந்துவிடும்.

இந்த வாக்குவாதமே வராமல் இருக்க, வேலை தொடங்கும் முன் தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை சதுர மீட்டர், எந்தப் பொருள், எத்தனை லிட்டர், காய்ந்த பிறகு எத்தனை மி.மீ., சுவரில் எவ்வளவு உயரம், பூச்சு நன்றாகக் காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் காட்டிய பிறகே கடைசித் தவணை.